பயிற்சிக்குப் போனவரும் வீட்டில் காத்திருப்பவரும்

மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானத்தைப் பெறுகிற மணமக்கள் பீடத்தின் முன் நின்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கிறார்கள். நல்ல காலமானாலும் கெட்ட காலமானாலும், சுகமானாலும் நோயானாலும் பிரமாணிக்கம் தவறமாட்டோம் என்பதே அந்த வாக்கின் கருத்து. ஒரே கூரையின்கீழ் இருக்கும் வரையில் மட்டும் என்று அதில் ஒரு நிபந்தனையும் கிடையாது. கணவன் கண்ணெதிரே இருக்கும்போது அந்த வாக்கைக் காப்பது ஒரு விதம். அவன் தூர தேசத்தில் இருக்கும்போது காப்பது வேறொரு விதம். இந்த இரண்டாம் விதத்தைப்பற்றி இந்த வாரம் சற்றுச் சிந்திப்போம். அமிர்தியிலும் அதைச் சுற்றியுள்ள மலையடிவார ஊர்களிலும், பிள்ளையையோ கணவனையோ படைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு வழிமேல் விழி வைத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன அல்லவா?

நம் பக்கத்து வாலிபர் படைக்குப் போவது புதிய சங்கதி அல்ல. வேலூரிலிருந்து நம் மலைப்பக்கம் வரும்போது கம்மவான்பேட்டை என்ற ஊர் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லத்தக்க அளவில், தலைமுறை தலைமுறையாய்ப் படைக்கு ஆள் கொடுத்த ஊர் அது. சனங்கள் அதற்கு 'இராணுவப்பேட்டை' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வேலூர் லாங் பஜாரிலுள்ள மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் பதித்த கல்லில், 1914-ல் தொடங்கிய மகா யுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் போனார்கள் என்றும், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. கல்லில் உள்ள எண்கள் அவ்வளவுதான். அந்த 277 பேருக்காக எத்தனை தாய்மாரும் மனைவிமாரும் வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்தார்கள் என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை. மனிதர் எழுதாமல் விட்ட அந்தக் கணக்கை ஆண்டவர் எழுதி வைத்திருக்கிறார் என்பது நம் விசுவாசம்.

இந்நாளில் காத்திருப்பவர் இரு வகையினர். 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, தரைப்படையில் புதிதாய்ச் சேரும் வாலிபர் மணமாகாதவராய் இருக்கவேண்டும். பணிக்காலம் நான்கு ஆண்டு. அது முடியுமுன் கலியாணம் செய்துகொள்ளவும் விதி இடந்தருவதில்லை. ஆகையால் அவர்களுக்காகக் காத்திருப்பவர்கள் பெற்றோரும், பேசி முடித்த பெண்ணுமே. மத்தியக் காவல் படைகளில் சேருவோரின் சங்கதி வேறு. அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி நிலையம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களுக்குக் கலியாணமானவர்களும் போகிறார்கள். கைக்குழந்தையோடு மனைவி வீட்டில் இருக்கிறாள். சில வீடுகளில் மனைவியே பயிற்சிக்குப் போக, கணவன் பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புகிறான். நாம் சொல்லப்போவது இவர்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

முதலாவது, பயத்தைப்பற்றி.

பயப்படுவது பாவமல்ல. ஆனால் தெரியாததற்குப் பயப்படுவது தெரிந்ததற்குப் பயப்படுவதைவிடக் கொடியது. ஆகையால் உங்கள் பிள்ளையும் கணவனும் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விடியுமுன் எழும்புகிறார்கள். ஓடுகிறார்கள், கயிறு ஏறுகிறார்கள், அணிவகுத்து நடக்கிறார்கள். துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவும் குறிபார்த்துச் சுடவும் கற்கிறார்கள். தமிழைத் தவிர வேறு பேச்சு அறியாத மலைக்காட்டுப் பையன் இந்தியில் கட்டளை கேட்கப் பழகுகிறான். உடுப்பைத் தானே தோய்த்து, படுக்கையைத் தானே மடிக்கிறான். நம்மூரிலிருந்து தரைப்படைக்குப் போகும் பலர் காட்பாடியில் இரவு வண்டி ஏறி, நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனுக்குப் போகிறார்கள். 1758-ல் உண்டான மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி நிலையம் 1947 முதல் அங்கேதான் இருக்கிறது. பயிற்சி ஏறக்குறைய ஆறேழு மாதம் நடக்கும். அது போர்க்களம் அல்ல, பள்ளிக்கூடம். கடுமையான பள்ளிக்கூடந்தான். ஆனால் அங்கே சோறு உண்டு, வைத்தியர் உண்டு, கூட முழங்கை தேய்த்துத் தவழுகிற தோழர் உண்டு. இரவில் படுக்கும்போது, அவன் எங்கேயோ குண்டுகளுக்கு நடுவில் கிடக்கிறான் என்று நினைத்துக் கலங்க வேண்டாம். அநேகமாய் அவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பான்.

வேதாகமத்தில் தொபியாசின் தாயாகிய அன்னம்மாளைப்பற்றி வாசித்திருக்கிறீர்களா? கண் தெரியாத தகப்பன், வெளியூரில் கொடுத்து வைத்திருந்த பணத்தை வாங்கிவர மகனை அனுப்புகிறார். தாய் அழுகிறாள். பணத்துக்காகவா பிள்ளையை அனுப்பவேண்டும், இருப்பதைக்கொண்டு பிழைத்திருக்கக் கூடாதா என்று கணவரோடு வாதாடுகிறாள். மகன் வரவேண்டிய நாள் தப்பிப்போகிறது. அவள் தினமும் வழி தெரியும் இடத்துக்குப் போய் உட்காருகிறாள். சாப்பாடு இறங்கவில்லை. மகன் செத்தே போனான் என்று தீர்மானித்துவிடுகிறாள். அதே நேரத்தில் மகனோ சுகமாய் இருக்கிறான். அவன் பக்கத்தில் வழித்துணையாய் நடப்பவர் அர்ச். இராபாயேல் சம்மனசு. அது தாய்க்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. சரித்திரத்தை எழுதியவர் அன்னம்மாளின் கண்ணீரைக் கண்டித்து ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். கடைசியில் மகன் வருவதை முதன்முதல் கண்டதும் அழுத அந்தக் கண்களே. ஆகையால் அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் நீங்கள் அறியாத ஒரு துணை அவனோடு நடக்கிறது என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, பேச்சைப்பற்றி.

முன்னாட்களில் படைவீரனுக்குக் கடிதம் எழுதினால் விலாசத்தில் ஊர்ப்பேர் இராது. 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று எண்தான் இருக்கும். புருஷன் பனிமலையில் இருக்கிறானா பாலைவனத்தில் இருக்கிறானா என்று தெரியாமலே 1962-லும் 1965-லும் நம் ஊர்ப் பாட்டிமார் பதில் எழுதுவித்தார்கள். இக்காலத்தில் கைப்பேசி இருக்கிறது. ஆனால் பயிற்சி நிலையத்தில் அதை வாங்கி வைத்துவிட்டு, ஓய்வு நாளில் சிறிது நேரத்துக்கு மட்டும் கொடுப்பது வழக்கம். மலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டில் போய்க் கால்கடுக்க நின்று, வாரம் முழுவதும் சேர்த்து வைத்ததை எல்லாம் பத்து நிமிஷத்தில் பேசவேண்டியிருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன சொல்லுகிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் சமாதானம் அடங்கியிருக்கிறது.

சிலர் வாரம் முழுவதும் பட்ட பாட்டை ஒரே மூச்சில் கொட்டுகிறார்கள். மாமியார் இப்படிச் சொன்னாள், கடன்காரன் வாசலில் வந்து நின்றான், பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, நீ இல்லாமல் என்னால் முடியாது, வந்துவிடு. பிறகு மணி ஆகிவிடுகிறது, பேச்சு அறுந்துபோகிறது. இவள் மனம் சற்று இலேசாகிறது. அவனோ அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு மறுநாள் விடியற்காலையில் ஓடவேண்டும். இப்படிப்பட்ட வார்த்தை கேட்டுப் பாதியில் பயிற்சியை விட்டு வந்துவிட்டால், பிறகு ஆயுசு முழுவதும் யாரால் இது போயிற்று என்ற பேச்சு அந்த வீட்டில் ஓயாது.

வேறு சிலர் இதற்கு எதிரிடையாய் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். தகப்பனுக்கு மார்வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாலும், எல்லோரும் சுகம் என்கிறார்கள். அன்பினால் செய்கிறார்கள், வாஸ்தவந்தான். ஆனால் ஒருநாள் உண்மை தெரியும்போது, இனி வீட்டார் சொல்லும் எந்தச் சுகத்தையும் அவன் நம்பமாட்டான். நல்ல சேதி சொன்னாலும் எதையோ ஒளிக்கிறார்கள் என்று இரவெல்லாம் விழித்திருப்பான். பொய் நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் பொய்தான். அது இருவருக்கும் இடையில் சுவர் எழுப்பும்.

நடுவழி எது? தேவமாதாவைப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் சேசுநாதரைக் காணாமல் மூன்று நாள் தேடி, தேவாலயத்தில் கண்டபோது, தானும் சூசையப்பரும் எவ்வளவு துயரப்பட்டுத் தேடினோம் என்பதை அந்த அன்னை சொன்னாள். மறைக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லி நிறுத்திவிட்டாள். மற்றதை எல்லாம் தன் இருதயத்தில் வைத்து ஜெபித்தாள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். துன்பம் இருந்தால் அதன் பேரைச் சொல்லுங்கள், அதற்கு என்ன செய்திருக்கிறோம் என்பதையும் கூடவே சொல்லுங்கள். "பிள்ளைக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல், டாக்டரிடம் காட்டினோம், இன்றைக்குக் கஞ்சி குடித்தான்." இதில் பொய்யும் இல்லை, பாரமும் இல்லை. "உங்களைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது" என்று சொல்லவும் வெட்கப்பட வேண்டாம். அது அவனுக்குப் பலந்தரும் வார்த்தை. "இனி என்னால் முடியாது" என்பதை மட்டும் அவனிடம் சொல்லுமுன் ஆண்டவரிடத்திலும், அடுத்து உங்கள் தாயிடத்திலோ நம்பிக்கையான ஒருவரிடத்திலோ சொல்லிவிடுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் அதை மறைக்க வேண்டாம். உதவி கேட்பது அவமானம் அல்ல.

மூன்றாவது, வீட்டுக்குள் இருக்கும் சமாதானத்தைப்பற்றி.

ஒருவன் போய்விட்டால் அவனுக்காக ஒரு வீட்டிலே இரண்டு பெண்கள் காத்திருக்கிறார்கள். ஒருத்தி பெற்றவள், ஒருத்தி கைப்பிடித்தவள். முதலில் யாரிடம் பேசினான், யாரிடம் அதிக நேரம் பேசினான் என்று எண்ணத் தொடங்கினால், வாரம் ஒருமுறை வரவேண்டிய சந்தோஷம் வாரம் ஒருமுறை வரும் சண்டையாகிவிடும். மாமியார்களே, உங்கள் மகன் இல்லாத வீட்டில் உங்கள் மருமகள் விருந்தாளியும் அல்ல, வேலைக்காரியும் அல்ல. அவள் தன் தாய் வீட்டை விட்டு வந்ததே அவனை நம்பித்தான். அவன் இல்லாதபோது உங்களை நம்பி இருக்கிறாள். போன் மணி அடித்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "உன் பெஞ்சாதிகிட்ட கொடுக்கிறேன் ராசா" என்று அவள் கையில் கொடுத்து அப்பால் போங்கள். மருமக்களே, அந்த அம்மாள் அவனைப் பத்து மாதம் சுமந்தவர். "அத்தே, அவரு உங்களைத்தான் முதல்ல கேட்டாரு" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவர் நெஞ்சில் எத்தனையோ நாளைக்கு இனிக்கும். அது உண்மையாய் இருக்கும்படி, முதலில் அம்மாவைக் கேளுங்கள் என்று அவருக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள். இரவில் விளக்கேற்றி இருவரும் சேர்ந்து முழங்காலிலிருந்து அவன் பேரைச் சொல்லிச் செபமாலை செய்யுங்கள். ஒரே ஆளுக்காக ஒரே வாயாய் மன்றாடுகிறவர்களுக்குள் பொறாமை நெடுநாள் தங்காது.

பேசி முடித்த பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. மகளே, உன் காத்திருப்பு நீண்டது. நான்கு வருஷத்துக்குப் பின்னும், அவர்களில் நூற்றுக்கு 25 பேர் வரையில்தான் படையில் நிலைப்பார்கள் என்று சொல்லி உறவினர் உன்னைக் கலக்குவார்கள். நிச்சயம் என்பது விவாகம் அல்ல. ஆகையால் கற்பை ஆபத்துக்கு உட்படுத்தாதே. இரகசியக் கலியாணத்துக்கு இணங்காதே. அது அவன் வேலைக்கும் உன் பேருக்கும் கேடு. அந்த வருஷங்களில் வாசற்படியில் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். படிப்பு பாக்கி இருந்தால் முடித்துக்கொள், ஒரு தொழில் கற்றுக்கொள். பெற்றோரே, உங்களுக்கு இதில் மனமில்லை என்றால் இப்போதே நேர்மையாய்ச் சொல்லிவிடுங்கள். காற்றடிக்கும் பக்கம் சாய்ந்துகொண்டு இரண்டு பிள்ளைகளின் இருதயத்தை அலைக்கழிப்பது நியாயம் அல்ல.

காத்திருக்கும் காலம் வீண்காலம் அல்ல என்பதற்கு நம் ஜவ்வாது மலையடிவாரத்திலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. நாகநதி வறண்டு மணல் காடாய்க் கிடந்ததை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். 2014 முதல் வேலூர்ப் பக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, ஊரக வேலைத் திட்டக் கூலிக்கு, மழைநீரைப் பூமிக்குள் இறக்கும் உறைகிணறுகளை அந்நதியின் வழியெங்கும் தோண்டினார்கள். மழை வரட்டும், பிறகு பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கவில்லை. வந்த மழை ஓடிப்போகாமல் தங்கியது. நீரற்ற காலத்தில் வெட்டிய கிணறுதான் நீர் வந்த காலத்தில் பலன் கொடுத்தது. அவன் இல்லாத இந்த மாதங்களும் உங்களுக்குக் கிணறு வெட்டும் காலமே. பாங்கிக் கணக்கைப் பார்க்கப் பழகுங்கள். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். மணச் சான்றிதழை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மனைவியின் பேரை அவன் பணிப் பதிவேட்டில் சேர்க்க அது வேண்டியிருக்கும். படைவீரர் குடும்பங்களுக்கு உதவ வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் விசாரிக்கக் கூச்சப்படாதீர்கள். சம்பளம் வருகிறதென்று தவணைக்காரன் வாசலுக்கு வந்தால், அவர் வந்தபின் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இனி, மற்றப் பங்குக் குடும்பத்தார்களே, உங்களுக்கு. புருஷன் ஊரில் இல்லாத பெண் கடைக்குப் போனாலும் பேச்சு, பஸ் ஏறினாலும் பேச்சு, போனைப் பார்த்துச் சிரித்தாலும் பேச்சு. எட்டாம் கற்பனை நம் ஊர்த் திண்ணைக்கும் உண்டு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேடிக்கையாய்ச் சொன்ன ஒரு சொல், வாரம் ஒருமுறை கிடைக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் அவன் காதில் விழுந்தால், அங்கே அவனால் ஒன்றும் விசாரிக்க முடியாது. மனத்தில் வைத்துப் புழுங்கத்தான் முடியும். சேசுநாதர் சிலுவை சுமந்தபோது சீரேனே ஊர்ச் சீமோன் பேச்சினால் அல்ல, தோளினால் உதவினான். நீங்களும் தோள் கொடுங்கள். ரேஷன் அரிசி மூட்டையைத் தூக்கி வந்து வையுங்கள். சாமை அறுப்புக்கும் புளி உலுக்கவும் ஒருநாள் ஆள் அனுப்புங்கள். இரவில் பிள்ளைக்குச் சுரம் என்றால் வண்டி கட்டணத்தைப் பேசாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மரியாயின் சேனையாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் இப்படிப்பட்ட வீடுகளை வாரந்தோறும் விசாரிப்பது தங்கள் கடமை என்று வைத்துக்கொள்ளட்டும். பெண்கள் பெண்களாய்ச் சேர்ந்து போங்கள்.

கடைசியாய், அவர் திரும்பி வரும் நாளைப்பற்றி. பயிற்சி முடிவில் வெலிங்டனில் உறுதிமொழி அணிவகுப்பு நடக்கும். வாலிபர் தத்தம் வேத புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்வார்கள். நம் பிள்ளைகள் நம் வேதாகமத்தின்மேல் கைவைத்துச் செய்கிறார்கள். அப்படிச் சத்தியம் செய்து வருகிறவன், நீங்கள் வழியனுப்பிய அதே ஆள் அல்ல. மெலிந்திருப்பான், குரல் மாறியிருக்கும். விடியுமுன் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் நிற்பான். சில நாள் பேசமாட்டான். இதைக் கண்டு, அன்பு குறைந்துபோயிற்று என்று முடிவு கட்டாதீர்கள். தொபியாஸ் திரும்பி வந்ததும் முன்போன பையனாக அல்ல, கலியாணமான மனிதனாக. அன்னம்மாள் அவனை அப்படியே ஏற்றுக்கொண்டாள். கணவன்மாரே, நீங்களும் கேளுங்கள். உங்கள் மனைவியும் மாறியிருப்பாள். முன்பு உங்களைக் கேட்டு நடந்தவள் இப்போது தானே பாங்கிக்குப் போய் வருவாள், தானே தீர்மானம் சொல்லுவாள். "நான் இல்லாதபோது பெரிய ஆளாகிவிட்டாயோ?" என்று குத்திப் பேசாதீர்கள். நீங்கள் அணிவகுப்பு மைதானத்தில் கற்றதை அவள் அடுப்படியிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் கற்றாள். உங்கள் பயிற்சிக்கு விருது உண்டு, சீருடை உண்டு. அவள் பயிற்சிக்கு உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு நல்ல வார்த்தைதான் விருது. அதை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

ஆகையால், பிரியமான கிறிஸ்தவர்களே, இந்த வாரம் முதல் ஒவ்வொரு வீட்டிலும் இரவுச் செபம் முடியும்போது, பயிற்சிக்குப் போன நம் பிள்ளைகளுக்காக ஒரு பரலோக மந்திரமும், வீட்டில் காத்திருப்பவர்களுக்காக ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்லக்கடவோம். தொபியாசுக்கு வழித்துணையாய்ப் போன அர்ச். இராபாயேல் சம்மனசானவர் போனவர்களைச் சுகமே கூட்டி வருவாராக. மூன்று நாள் தேடித் துயரப்பட்ட தேவமாதா காத்திருப்பவர்களின் கையைப் பிடித்திருப்பாளாக. பீடத்தின்முன் கொடுத்த வாக்கைத் தூரத்திலும் காத்துக்கொள்ளும் இஷ்டப்பிரசாதத்தை ஆண்டவர் நம் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தந்தருள்வாராக.

ஆமென்.